அடுப்பு மாறினால் உப்பு மாறுமா?

2025-ஆம் வருஷத்துத் தீபாவளி கழிந்து பத்து நாள் இருக்கும். காலையில் காரியாலயத்துக்குள் நுழைந்தபோது என் மேஜைமேல் ஒரு கட்டுக் கடிதம் காத்திருந்தது.

பத்திரிகைக்காரன் மேஜையில் கடிதம் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. நான் எழுதுவதைப் பாராட்டி நாலு பேரும், திட்டி நாற்பது பேரும் எழுதுவது வழக்கம்தான். ஆனால் இந்தக் கட்டின்மேல் சந்தாப் பகுதிப் பெரியவர் சிவப்பு மசியில், “தங்கள் பார்வைக்கு” என்று எழுதி, அதன்கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார். அந்தக் கோடுகளைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. முப்பது வருஷ சர்வீஸில் அவர் எதற்கும் ஒரு கோட்டுக்குமேல் போட்டதில்லை.

பிரித்துப் பார்த்தேன். “தீபாவளி மலர் வரவில்லை.” “இரண்டு இதழாகக் காணோம்.” “சந்தா கட்டியது என் குற்றமா?” ஒரு அன்பர், பாவம், தம் ஊர்த் தபால்காரரோடு சண்டையே போட்டுவிட்டாராம். கட்டின் அடியில் ஒரு தபால் கார்டு. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு வயதான அம்மாள் எழுதியிருந்தார். அதை மட்டும் அப்படியே தருகிறேன்:

“வீட்டில் நானும் அவருமாக இரண்டே பேர். அவருக்குப் பார்வை போய் மூன்று வருஷம் ஆகிறது. வாரா வாரம் தொடர்கதையை நான்தான் வாசித்துக் காட்டுவேன். இரண்டு வாரமாகப் புத்தகம் வரவில்லை. ராத்திரி ரயிலில் ஏறின அந்தப் பெண் என்ன ஆனாள் என்று காலையும் மாலையும் கேட்டு உயிரை வாங்குகிறார். வேறு வழி தெரியாமல், புத்தகம் வந்துவிட்டதென்று சொல்லி, நானாகவே ஒரு கதை கட்டி, வாசிக்கிற மாதிரி சொல்லிவிட்டேன். கல்யாணமாகி ஐம்பது வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய். வருகிற வாரம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தயவு பண்ணிச் சீக்கிரம் அனுப்பவும்.”

கார்டைக் கீழே வைத்தேன். ‘மலர் போகாவிட்டால் சந்தாப் பகுதி கவனிக்க வேண்டியது. இதை என் தலையில் ஏன் கட்டினார்?’ என்று நீங்கள் கேட்கலாம். பெரியவர் செய்தது முற்றிலும் நியாயம். அந்தப் பெண்ணை ரயிலில் ஏற்றிவிட்டவர் எங்கள் தொடர்கதை ஆசிரியர். அவளை ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேரவிடாமல் செய்த பாவி நான்தான்.

* * *

சங்கதி இதுதான். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 10. மைக்ரோஸாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொள்வதாக முன்கூட்டியே அறிவித்திருந்தது. சரி, விண்டோஸ் 11-ஐப் போட்டுக்கொள்வோம் என்றால், அது பழைய யந்திரங்கள் பலவற்றில் உட்கார மறுத்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம். கொஞ்சம் புதிய பிராஸஸரும் வேண்டுமாம். வேஷ்டிக்கு ஏற்ற ஆள் தேடின கதையாக, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக யந்திரங்களையே மாற்றும்படி ஆயிற்று. யந்திரமும் புதிது, அதன்மேல் உட்காரும் சிஸ்டமும் புதிது. மாறாமல் இருந்தவை எங்கள் புரோகிராம்கள் மட்டுந்தான்.

எங்கள் கம்ப்யூட்டர் பகுதியில் ஒரு பெண்மணி இருக்கிறார். எல்லோரும் ‘புரோகிராம் அம்மாள்’ என்போம். வயது இருபத்தெட்டுதான். பேசுவது கொஞ்சம், பேசினால் உறைக்கும். செப்டம்பர் மாதம் நடந்த கூட்டத்தில் அவர் ஒரு நீளமான பட்டியலை எடுத்து வைத்தார்.

“மொத்தம் 216 சோதனைகள் ஸார். எல்லாவற்றையும் புது யந்திரத்தில் மறுபடி செய்து பார்க்க மூன்று வாரம் வேண்டும்” என்றார்.

“மூன்று வாரமா! தீபாவளி மலர் வேலை தலைக்குமேல் நிற்கிறது. நாலு நாள் தருகிறேன்” என்றார் ஆசிரியர். பிறகு என் பக்கம் திரும்பி, “நீர் சயன்ஸ் படித்தவர்தானே? அந்த அம்மாளோடு உட்கார்ந்து எதை விடலாம் என்று பாரும்” என்றார்.

கல்லூரியில் நான் படித்த சயன்ஸ் தவளையோடு முடிந்துவிட்டது. ஆனாலும் ஆசிரியர் வாயால் ‘படித்தவர்’ என்று கேட்டதும் தலை கனத்துவிட்டது. சிவப்புப் பென்ஸிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்தச் சோதனை நீளமோ, எது அலுப்புத் தட்டுகிறதோ, எது இத்தனை வருஷமாக ஒரு தகராறும் பண்ணவில்லையோ, அதையெல்லாம் அடித்தேன். சந்தாப் பகுதிச் சோதனைகள் மொத்தமும் அப்படித்தான் போயின.

“அதையும் பார்த்துவிடலாம் ஸார்” என்று புரோகிராம் அம்மாள் மெதுவாகச் சொன்னார்.

“என்னம்மா இது? 2004-லிருந்து ஓடுகிற புரோகிராம். யந்திரந்தானே மாறுகிறது, விலாசமா மாறுகிறது?” என்று கேட்டேன். கேள்வி வெகு சாமர்த்தியமாக இருப்பதாக எனக்கே தோன்றியது. அவர் பதில் சொல்லவில்லை. நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நாலு நாளில் வேலை முடிந்தது. பக்கம் கட்டுவது, படம் பதிப்பது, அச்சுக்கு அனுப்புவது எல்லாம் ஜோராக நடந்தன. ஆசிரியர் எனக்குக் கைகொடுத்தார். ஒரு மாதம் கழித்துக் கடிதக் கட்டு வந்தது.

* * *

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு முழு நாள் ஆயிற்று. யந்திரத்தின்மேல் ஒருவர் பழி போட்டார், விலாசச் சீட்டு அடிக்கும் பிரிண்டர்மேல் ஒருவர், விண்டோஸ்மேல் ஒருவர். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தபடியால், யார் குற்றவாளி என்று சொல்ல வழியில்லை. நாலு பேர் சேர்ந்து சமைத்த குழம்பில் உப்பு போட மறந்தவர் யார் என்று தேடுவதுபோல் இருந்தது.

முடிச்சை அவிழ்த்தவர் சந்தாப் பகுதிப் பெரியவர்தான். அவர் கடிதங்களை ஊர்வாரியாக அடுக்கினார். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீவைகுண்டம், ஸ்ரீபெரும்புதூர். அப்புறம் மூக்குக் கண்ணாடிக்குமேல் எங்களைப் பார்த்து, “ஒரு வேடிக்கை. ஸ்ரீரங்கத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் மலர் போயிருக்கிறது. அவர் தனித்தமிழ் அன்பர். விலாசத்தில் திருவரங்கம் என்றுதான் எழுதுவார்” என்றார்.

புரோகிராம் அம்மாள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “ஸ்ரீ! அந்த ஸ்ரீதான் ஸார்!”

நேயர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது; எண்தான் தெரியும். உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் எண் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு யூனிகோட் என்று பெயர். அதில் ‘ஸ்ரீ’ ஒரே எழுத்தல்ல. ‘ஸ’ என்பதற்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண், ‘ர’ வுக்கு ஒன்று, ஈகாரக் குறிக்கு ஒன்று. இவை வரிசையாக வந்தால் திரையில் ‘ஸ்ரீ’ என்று சேர்ந்து தெரியும். 2005-ல் வந்த யூனிகோட் 4.1 பதிப்பில் ‘ஶ’ என்று புதிதாக ஓர் எழுத்து தமிழ்ப் பகுதியில் இடம் பெற்றது. அதைத் தலையில் வைத்து எழுதினாலும் பல எழுத்துருக்களில் அச்சு அசலாக அதே ஸ்ரீதான் தெரியும். பார்க்கிற கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். எண்ணைப் பார்க்கிற யந்திரத்துக்கோ ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத அந்நியர்கள்.

எங்கள் சந்தாதாரர் பட்டியல் 2004-லிருந்து வருவது. அதில் இருந்ததெல்லாம் பழைய ஸ்ரீ. புது யந்திரங்களில் போட்ட புது விசைப்பலகையோ புது ஸ்ரீயை அடித்தது. தீபாவளி மலர் பார்ஸலுக்காக ஊர்ப் பட்டியலைப் புதிதாக டைப் செய்தோம். புரோகிராம் அந்தப் பட்டியலையும் விலாசங்களையும் ஒத்துப் பார்த்தது. பொருந்தாதவர்களைச் சத்தம் போடாமல் தள்ளிவிட்டுப் போய்விட்டது. அடுத்த இதழ்களுக்கும் அதே பட்டியல்.

விலாசம் மாறவில்லை என்றேன் அல்லவா? மாறித்தான் இருந்தது. ஒரு மனிதர் கண்ணுக்கும் தெரியாமல் மாறியிருந்தது.

* * *

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மனைவி விசாரித்தாள். விஷயத்தைச் சொன்னேன். எங்கள் வீட்டிலும் அந்தச் சமயத்தில்தான் ஒரு யந்திர மாற்றம் நடந்திருந்தது. காஸ் அடுப்பு போதாதென்று இண்டக்ஷன் அடுப்பு ஒன்று வந்திருந்தது. தர்க்கத்துக்கு ஒரு வழி கிடைத்ததென்று, “நீ மட்டும் என்ன? புது அடுப்பு வந்ததும் உனக்குத் தெரிந்த சமையல் அத்தனையையும் ஒரு தரம் சமைத்துச் சோதித்துப் பார்த்தாயா?” என்று கேட்டேன்.

“எதற்காகப் பார்க்க வேண்டும்? ரசத்துக்கு எத்தனை உப்பு, எத்தனை புளி என்பதற்கும் அடுப்புக்கும் என்ன சம்பந்தம்? அடுப்பு மாறினால் உப்பு மாறுமா?”

“அப்படியானால் ஒன்றையுமே சோதிக்கவில்லை!”

“ஏன் சோதிக்கவில்லை? அடுப்பைத் தொடுவது எதுவோ அதைச் சோதித்தேன். அடுப்பைத் தொடுவது பாத்திரம். ப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். ஒட்டினது இந்தப் பக்கம், ஒட்டாதது அந்தப் பக்கம். பத்து நிமிஷ வேலை. தோசைக்கல் தேறியது. உங்கள் அம்மா கொடுத்த ஈயச் சொம்பு தேறவில்லை. இந்த அடுப்பு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால்தான் இப்போதெல்லாம் எவர்சில்வரில் ரசம் வைத்துச் சொம்பில் ஊற்றுகிறேன். உங்களுக்குத் தெரியவே தெரியாதே!”

உண்மை, தெரியாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தைத்தான் அந்த அடுப்பு சூடேற்றும் என்பது, சயன்ஸ் படித்தவன் என்று பெயர் வாங்கிய நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

“பால் காய்ச்சுவதையும் தோசை வார்ப்பதையும் நாலு நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்” என்று அவள் மேலும் சொன்னாள். “அது சூட்டோடு விளையாடுகிற காரியம். புளியோதரைப் பொடியை எதற்குப் பார்ப்பது?”

சிவப்புப் பென்ஸிலோடு நான் உட்கார்ந்த அன்று இவளை அழைத்துப் போயிருக்க வேண்டும். எது நீளம், எது அலுப்பு என்று பார்த்து நான் அடித்தேன். எது எதைத் தொடுகிறது என்று பார்த்து இவள் அடித்திருக்கிறாள். சோதனையைக் குறைப்பதற்கும் சோதனையைக் கைவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

* * *

மறுநாள் இந்தக் காந்தக் கதையைக் கேட்டுப் புரோகிராம் அம்மாள் சிரித்தார். “எங்கள் தொழில் சாஸ்திரமே அதுதான் ஸார்” என்று சொல்லி, சாவகாசமாக எனக்குச் சில பாடங்கள் நடத்தினார். பிற்பாடு நானும் தேடிப் படித்துச் சேர்த்துக்கொண்டேன்.

முதல் பாடம், இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததல்ல என்பது. 1964-க்கு முன்னால் ஐ.பி.எம். கம்பெனியிலேயே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பல ஜாதி யந்திரங்கள் இருந்தன. சின்னதிலிருந்து பெரியதற்கு மாறினால் புரோகிராம்களைத் திரும்ப எழுத வேண்டியதுதான். அந்த வருஷம் ஏப்ரல் 7-ஆம் தேதி அவர்கள் ‘ஸிஸ்டம் 360’ என்று ஒரு யந்திரக் குடும்பத்தையே அறிவித்தார்கள். ஜீன் ஆம்டால், கெரிட் பிளாவ், பிரெட் புரூக்ஸ் ஆகியோர் அதன் அமைப்பை வகுத்தவர்கள். இன்ன கட்டளை கொடுத்தால் யந்திரம் இன்னது செய்யும் என்று முதலில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். உள்ளே எந்த மாடல் எப்படி வேலை செய்தாலும் வெளியே அந்த வாக்கு மாறக் கூடாது. சின்ன மாடலுக்கு எழுதிய புரோகிராம் பெரிய மாடலிலும் ஓடியது. பழைய 1401 யந்திரத்துப் புரோகிராம்களைக்கூட ‘மாடல் 30’ அந்த யந்திரம் மாதிரியே நடித்து ஓட்டிக் காட்டியது.

இரண்டாவது பாடம், துபாஷி. கம்பெனிக் காலத்துச் சென்னையில் வெள்ளைக்காரருக்கும் நெசவாளருக்கும் நடுவில் துபாஷி இருந்தார் அல்லவா? கவர்னர் மாறினாலும் நெசவாளர் புதுப் பாஷை கற்க வேண்டாம். துபாஷி கற்றால் போதும். கம்ப்யூட்டரிலும் யந்திரத்தோடு நேரே பேசும் வேலையைத் தனியாக ஒரு பகுதிக்கு விட்டுவிட வேண்டும். 1993-ல் வந்த விண்டோஸ் என்.டி.யில் இதற்கென்றே ஓர் அடுக்கு வைத்தார்கள். யந்திரம் மாறினால் துபாஷியை மட்டும் கடுமையாகப் பரீட்சை செய்தால் போதும்.

துபாஷி சில சமயம் பொய்யும் சொல்லுவதுண்டு. 2020-ல் ஆப்பிள் நிறுவனத்தின் மாக் ஓ.எஸ். 11 வெளிவந்தது. பழைய புரோகிராம்கள், “நீ எந்தப் பதிப்பு?” என்று கேட்டால், “நான் 10.16” என்று அது பதில் சொல்லும். எண்கள் 10-இல்தான் தொடங்கும் என்று நம்பியிருந்த புரோகிராம்கள் மிரண்டு போகாமல் இருப்பதற்காக!

“எல்லாரும் துபாஷி மூலமாகவே பேசினால் தகராறே இல்லையே?” என்றேன்.

“பேசுவதில்லையே ஸார்! சில புரோகிராம்கள் யந்திரத்தைப் பற்றி ரகசியமாக எதையோ நம்பிக்கொண்டிருக்கும்” என்று சொல்லி, டர்போ பாஸ்கல் கதையைச் சொன்னார். பார்லண்ட் கம்பெனியின் பிரசித்தமான சாதனம் அது. அதில் எழுதிய புரோகிராம் பல, தொடங்கும்போதே யந்திரத்தின் வேகத்தை அளந்துகொள்ளும். கடிகாரத்தின் ஒரு துடிப்பில், அதாவது சுமார் 55 மில்லி விநாடியில், எத்தனை சுற்றுச் சுற்ற முடிகிறது என்று எண்ணி, 55-ஆல் வகுக்கும். விடை 65,535-க்குள் அடங்கும் என்பது அதன் நம்பிக்கை. 1990-களின் பிற்பகுதியில் வேகமான பென்டியம் யந்திரங்கள் வந்தன. விடை அடங்கவில்லை. நேற்று வரை ஓடிய புரோகிராம்கள், ‘ரன்டைம் எரர் 200’ என்று முனகிவிட்டு வாசலிலேயே விழுந்தன. புரோகிராமில் ஓர் எழுத்தும் மாறவில்லை. யந்திரம் கெட்டுப்போகவும் இல்லை. நன்றாக ஆனதுதான் வினை!

கேட்டுச் சிரித்தேன். அடுத்த கதைக்குச் சிரிப்பு வரவில்லை.

1996 ஜூன் 4-ஆம் தேதி, பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ தளத்திலிருந்து ‘ஏரியான் 5’ ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. அதன் திசையை அறியும் கருவியில் இருந்தது, முந்தைய ‘ஏரியான் 4’ ராக்கெட்டில் நன்றாக வேலை செய்த அதே புரோகிராம். ஏரியான் 5 பறக்கும் பாதையில் பக்கவாட்டு வேகம் வெகு அதிகம். அந்த வேகத்தை ஒட்டிய ஒரு பெரிய எண்ணை 32,767-க்குமேல் கொள்ளாத ஒரு சின்ன இடத்தில் வைக்கப் பார்த்தது புரோகிராம். முடியவில்லை, கருவி நின்றது. ஆபத்துக்கு உதவ வைத்திருந்த மாற்றுக் கருவியும் அதே புரோகிராமோடு, அதே காரணத்தால், அதற்குச் சற்று முன்பே நின்றிருந்தது. ஏவும் வரிசை தொடங்கிச் சுமார் 40 விநாடியில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், ராக்கெட் சிதறியது. அதிலிருந்த ‘கிளஸ்டர்’ விஞ்ஞானச் செயற்கைக் கோள்கள் நாலும் போயின.

ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு அடுத்த மாதமே அறிக்கை கொடுத்தது. அந்தக் கருவியை ஏரியான் 5-இன் பறக்கும் பாதைக்கு ஏற்பச் சோதித்துப் பார்க்கவே இல்லை என்பது அதில் வெளியாயிற்று. இன்னும் ஒரு கொடுமை: கோளாறு பண்ணின அந்தக் கணக்கு, ஏரியான் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு எதற்கும் தேவையே இல்லாதது!

“ஏரியான் 4-இல் வேலை செய்தது, ஆகையால் சோதிக்க வேண்டாம்.” “2004-லிருந்து ஓடுகிறது. ஆகையால் சோதிக்க வேண்டாம்.” இரண்டு வாக்கியங்களையும் மனத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிய இடத்துச் சகவாசம் எனக்குப் பெருமையாக இல்லை.

* * *

பிறகு நாங்கள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில், கடையில், சின்னக் காரியாலயத்தில் கம்ப்யூட்டர் மாற்றுகிறவர்கள் யாருக்காவது உபயோகப்படலாம்.

முதலில் 216 சோதனைகளையும் அடுப்பைத் தொடுவது, தொடாதது என்று பிரித்தோம். சந்தா எந்தத் தேதியில் முடிகிறது, பாக்கி எவ்வளவு என்பவை உப்பு-புளி ரகம். அப்படி 140 தேறின. அவற்றையும் விட்டுவிடவில்லை. புரோகிராம் அம்மாள் அவற்றை யந்திரமே செய்துகொள்ளும்படி எழுதிவிட்டார். இப்போது ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுக் காப்பி சாப்பிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகின்றன. காசில்லாமல் நடக்கிற சோதனையை எதற்காகக் குறைப்பது? குறைக்க வேண்டியது மனிதர் நேரத்தைத்தானே?

மீதி 76 அடுப்பைத் தொடுகிறவை: விசைப்பலகை, எழுத்துரு, பிரிண்டர், தேதி எழுதும் முறை, பைலின் பெயர். இவற்றில் 50-க்குச் ‘சாட்சிப் பிரதி’ வைத்தோம். பழைய யந்திரத்தை மூட்டை கட்டுமுன் அதில் அடித்த விலாசச் சீட்டு, கட்டிய பக்கம், போட்ட கணக்கு எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வது. புது யந்திரத்தில் அதே வேலையைக் கொடுத்து, இரண்டையும் யந்திரத்தை விட்டே ஒப்பிடச் சொல்வது. வித்தியாசம் தெரிகிற இடத்தை மட்டும் மனிதர் பார்த்தால் போதும்.

“இந்தச் சாட்சிப் பிரதி இருந்திருந்தால் ஸ்ரீ அகப்பட்டிருக்குமே!” என்றேன் ஆசையாக.

“அகப்பட்டிருக்காது ஸார்” என்றார் அவர். “பழைய ஊர்ப் பட்டியலையே கொடுத்து ஒப்பிட்டிருப்போம். அதில் பழைய ஸ்ரீதானே? எல்லாம் சரி என்றே வந்திருக்கும். புது விசைப்பலகையில் ஒருவர் கை வைத்து டைப் அடித்துப் பார்த்திருந்தால்தான் தெரிந்திருக்கும்.”

ஆகவே மனிதர் கையாலேயே செய்ய வேண்டியவை என்று கடைசி 26-ஐ ஒதுக்கினோம். இவற்றைப் பெரியவர் செய்கிறார். ஸ்ரீ அடிக்கிறார், ‘கொ’வையும் ‘கௌ’வையும் அடிக்கிறார், வேண்டுமென்றே தப்பும் தவறுமாகவும் அடித்துப் பார்க்கிறார். அதில் அவருக்கு இருக்கிற உற்சாகத்தைப் பார்த்தால் இத்தனை வருஷம் ஒழுங்காக அடித்ததற்குப் பழி வாங்குகிறாரோ என்று தோன்றுகிறது.

இன்னும் மூன்று காரியம் செய்தோம். எந்த ஸ்ரீ வந்தாலும் வாசலிலேயே ஒரே ஸ்ரீயாக மாற்றி உள்ளே அனுப்பும்படி ஒரு துபாஷியை நிறுத்தினோம். இனி விசைப்பலகை மாறினால் வாசலை மட்டும் சோதித்தால் போதும். அடுத்தது, பந்தியில் இலை எண்ணுகிற மாதிரி, சந்தாதாரர் எத்தனை பேர், விலாசச் சீட்டு எத்தனை என்று ஒவ்வொரு வாரமும் கணக்குப் பார்ப்பது. ஒன்று குறைந்தாலும் புரோகிராம் கூச்சல் போடும். மூன்றாவது, யந்திரத்தையும் சிஸ்டத்தையும் ஒரே நாளில் மாற்றுவதில்லை என்ற விரதம். முடிந்த மட்டும் ஒன்றை மாற்றி, பார்த்து, அப்புறம் மற்றொன்று.

எதை எது தொடுகிறது என்ற இந்தப் பட்டியலை எழுதுவதற்குத்தான் நேரம் பிடித்தது. அதற்கு மட்டும் ஐந்து வாரம். ஆனால் எழுதிய பிறகு அது சொத்து. ஆகாய விமானங்களில் ஓடும் புரோகிராம்களுக்கு டி.ஓ.-178ஸி என்று ஒரு நெறி நூல் 2011-ல் வந்தது. ஒன்றை மாற்றினால் அது எதையெல்லாம் பாதிக்கும் என்று முதலில் ஆராய்ந்துவிட்டுத்தான் மறுசோதனைக்குப் போகவேண்டும் என்பது அங்கே சட்டம் மாதிரி. பட்டியல் இல்லாதவன் இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும்: எல்லாவற்றையும் சோதித்துச் சாக வேண்டும், அல்லது என்னைப்போல் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புப் பென்ஸிலை ஓட்ட வேண்டும்.

2026-ல் பொங்கல் கழிந்து இன்னும் இரண்டு யந்திரங்களை மாற்றினோம். மூன்று வாரம் கேட்ட அதே புரோகிராம் அம்மாள், “ஒன்றரை நாள் போதும் ஸார்” என்றார். போதுமாகத்தான் இருந்தது. ஒருவரிடமிருந்தும் கடிதம் வரவில்லை. பத்திரிகைக்காரனுக்குக் கடிதம் வராததும் சில சமயம் சந்தோஷந்தான்.

* * *

ஸ்ரீவைகுண்டத்துக்கு மலரையும் விட்டுப்போன இதழ்களையும் ஸ்பீட் போஸ்டில் அன்றைக்கே அனுப்பியிருந்தேன். கூடவே ஒரு மன்னிப்புக் கடிதமும் வைத்தேன். ஸ்ரீயைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. “தவறு என்னுடையது” என்று மட்டும் எழுதினேன்.

பத்து நாளில் பதில் கார்டு வந்தது.

“புத்தகங்கள் கிடைத்தன. அவரிடம் என் பொய்யை ஒப்புக்கொண்டு, நிஜக் கதையை வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, நீ சொன்னதே தேவலை என்றார். அந்தப் பெண்ணை நான் அடுத்த ஸ்டேஷனிலேயே இறக்கி அம்மா வீட்டில் கொண்டுவிட்டிருந்தேன். உங்கள் ஆசிரியர் பம்பாய் வரை கொண்டுபோய்விட்டார்.

ஒரு சங்கதி. நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்கு அன்றைக்கே தெரியுமாம். எப்படி என்று கேட்டேன். நீ வாசிக்கும்போது பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்கவில்லையே என்றார்.”

கார்டைப் புரோகிராம் அம்மாளிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார்.

“216 எழுதினோம் ஸார். இந்த ஒன்று நமக்குத் தோன்றவில்லையே!” என்றார்.